ஒரே கல்லாவில் ஊருக்கெல்லாம் வைத்தியம்: வரிச்சுமை யார் தலையில்?



"எல்லோருக்கும் இலவச வைத்தியம்" என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். "அதற்கு ஆகும் வரி இவ்வளவு" என்று அடுத்த வாக்கியத்தைச் சொன்னால் கூட்டம் அமைதியாகிவிடும். இலவசம் என்று ஒரு சரக்கு உலகத்திலேயே கிடையாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கடை வாசலில் எழுதி வைக்கிறோமே, அந்த இரண்டாவது பொருளின் விலை எங்கே ஏறியிருக்கிறது என்பது எழுதி வைத்தவருக்குத் தெரியும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்று ஒரு சிறிய மாநிலம் இருக்கிறது. இந்தக் கதை நடந்தபோது அங்கே மக்கள் தொகை சுமார் ஆறேகால் லட்சம்தான். பால் பண்ணை, மேப்பிள் மரத்துப் பாகு, சுற்றுலா, சின்னச் சின்னக் கடைகள் என்று பிழைக்கிற ஊர்கள். அந்த மாநிலம் 2011-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் மற்ற மாநிலங்கள் துணியாத ஒன்றைச் சட்டமாக்கியது. மாநிலத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தருவது என்பதுதான் அந்தச் சட்டம். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பர் மாதத்தில், ஒரு நோயாளிக்குக்கூட அந்தத் திட்டத்தில் வைத்தியம் நடக்கும் முன்பே, அதைக் கொண்டுவந்த கவர்னரே அதைக் கைவிட்டார். காரணம் வரி. அதிலும் முக்கியமாக, நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள் கட்ட வேண்டியிருந்த வரி.

திட்டம் நல்லதா கெட்டதா என்று கட்சி கட்டி வாதாடுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. பற்று எது, வரவு எது என்று பேரேட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

ஒரே கல்லா என்றால் என்ன?

முதலில் அமெரிக்காவில் இப்போதுள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசுத் திட்டங்கள் உண்டு. உழைக்கும் வயதில் உள்ள பெரும்பாலோருக்கு அவர்கள் வேலை செய்யும் கம்பெனிதான் தனியார் இன்சூரன்ஸ் வாங்கித் தருகிறது. 2024-ஆம் ஆண்டில் இப்படி ஒரு குடும்பத்துக்கு வாங்கும் இன்சூரன்ஸின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். இதில் தொழிலாளி கொடுப்பது சராசரியாக 6,296 டாலர். மீதி முதலாளியின் கையிலிருந்து போகிறது. 50 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஆகவே சிறிய கடைகளில் பல கொடுப்பதில்லை.

ஒரு ஆஸ்பத்திரிக்கு நூறு நோயாளிகள் வந்தால், அவர்களுடைய பில்லைப் பத்துப் பதினைந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விலைப்பட்டியல், ஒரு படிவம், ஒரு நிபந்தனை. நாற்பது பார்ட்டிகளுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி, நாற்பது பேருக்கும் நாற்பது விதமான பில், நாற்பது விதமான தவணை என்று வைத்துக்கொண்டால் கணக்குப்பிள்ளைகள் எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் செலவும் கடைசியில் சரக்கின் விலையில்தானே ஏறும்?

ஒரே கல்லா முறை என்பது இதற்கு மாற்று. டாக்டர் தனியாராக இருக்கலாம், ஆஸ்பத்திரியும் தனியாராக இருக்கலாம். ஆனால் பணம் கொடுப்பது மட்டும் ஒரே இடம். மக்களிடமிருந்தும் தொழில்களிடமிருந்தும் வரியாகவோ சந்தாவாகவோ பணத்தை வசூலித்து, எல்லோருடைய வைத்தியப் பில்லையும் அந்த ஒரே கல்லாவிலிருந்து அரசு பட்டுவாடா செய்யும். தனித்தனி பிரீமியம் நின்றுவிடும். வாங்குகிறவர் ஒருவரே என்பதால் விலை பேசும் பலமும் அவர் கைக்கு வரும். நூறு மூட்டை வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விலை ஒரு மூட்டை வாங்குகிறவருக்குக் கிடைக்காது என்ற நம் மண்டி நியாயம்தான் இதிலும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வசூலில் இருக்கிறது.

வெர்மாண்ட் போட்ட கணக்கு

திரு. பீட்டர் ஷும்லின் 2010 நவம்பரில் வெர்மாண்ட் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே கல்லாத் திட்டத்தைத்தான் தேர்தல் வாக்குறுதியாகக் கொடுத்திருந்தார். தைவான் நாட்டின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆலோசனை சொன்ன ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் திரு. வில்லியம் ஷியாவ் அவர்களை அழைத்து, வெர்மாண்டுக்கும் ஒரு திட்ட அறிக்கை வாங்கினார்கள். சிக்கனம் நிறைய உண்டு என்று அந்த அறிக்கை சொன்னது. 2011-இல் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தில் பயன் இருந்தது, விலை இல்லை. எந்த வரி, எவ்வளவு விகிதம் என்பதை அரசு பிறகு சொல்லும் என்று விட்டுவிட்டார்கள். 2013 ஜனவரிக்குள் பணத்துக்கான வழியைச் சபையின் முன் வைக்க வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருந்தது. அந்தக் கெடுவுக்குள் வரித் திட்டம் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. விலை பேசாமல் சரக்கை இறக்கிவிட்டு, பில் பிறகு அனுப்புகிறேன் என்று சொன்னால் எந்தக் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்? வெர்மாண்ட் வியாபாரிகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலைதான்.

கடைசியில் 2014 டிசம்பர் 17-ஆம் தேதி கணக்கு வெளியே வந்தது. அதன் சாரம் இது:

ஒன்று, மாநிலத்தில் உள்ள எல்லாத் தொழில்களும் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் 11.5 சதவீதம் வரியாகக் கட்ட வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு குடும்பமும் தன் வருமானத்துக்குத் தக்கபடி அதிகபட்சம் 9.5 சதவீதம் வரை அரசுக்குப் பிரீமியமாகக் கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய வருமானமானாலும் ஆண்டுக்கு 27,500 டாலருக்கு மேல் போகாது.

இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 250 கோடி டாலருக்கு மேல் புதிதாக வசூலிக்க வேண்டும். அந்த மாநிலம் அதுவரை எல்லா வரிகளிலும் சேர்த்து வசூலித்து வந்ததே ஏறக்குறைய அந்த அளவுதான். அதாவது ஒரே நாளில் மாநிலத்தின் வரி வசூல் இரட்டிப்பாக வேண்டும்.

இதோடு, மத்திய அரசிடமிருந்து வரும் என்று எழுதி வைத்திருந்த பணமும் குறைந்துபோனது. புதிய காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் சுமார் 26 கோடி டாலர் வரும் என்று முன்பு மதிப்பிட்டிருந்தார்கள். திரும்பக் கணக்குப் பார்த்தபோது 10 கோடி அளவில்தான் தேறியது. வர வேண்டிய பாக்கியை வரவில் எழுதி வைத்துவிட்டு அதை நம்பிக் கொள்முதல் செய்தவர் கதைதான்.

கணக்கை வெளியிட்ட அதே நாளில், இவ்வளவு பெரிய அடியை மாநிலத்தின் பொருளாதாரம் தாங்காது என்று சொல்லித் திட்டத்தை நிறுத்திவிட்டார் கவர்னர். அதற்கு முந்தைய மாதம் நடந்த தேர்தலில் அவர் பாதி ஓட்டுக்கூட வாங்க முடியாமல், மயிரிழையில்தான் முந்தியிருந்தார். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் 2015 ஜனவரியில் சட்டமன்றம் ஓட்டெடுத்துத்தான் அவரைத் திரும்பவும் பதவியில் அமர்த்தியது.

ஆறு பேர் வேலை செய்யும் கடை

11.5 சதவீதம் என்பது ஒரு கடைக்கு என்ன செய்யும்? நானே ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாலரை ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம். விகிதத்தை மட்டும் பாருங்கள்.

வெர்மாண்டில் ஒரு மளிகைக் கடை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டுச் சம்பளம் எல்லாம் சேர்த்து 2,00,000 டாலர். அதில் 11.5 சதவீதம் 23,000 டாலர்.

இப்போது இரண்டு கடைக்காரர்களை எடுத்துக்கொள்வோம். முதல் கடைக்காரர் தன் ஆறு பேருக்கும் ஏற்கெனவே இன்சூரன்ஸ் கொடுத்து வருகிறார். 2014-இல் அமெரிக்காவில் ஒரு தனி நபருக்குக் கம்பெனிகள் வாங்கிய இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் ஆண்டுக்கு 6,025 டாலர். ஆறு பேருக்கு முழுவதும் அவரே கொடுத்தால் 36,150 டாலர். புதிய வரி வந்தால் இந்தச் செலவு நின்று 23,000 டாலரோடு முடிகிறது. அவருக்கு 13,150 டாலர் மிச்சம். குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தால் மிச்சம் இன்னும் அதிகம்.

இரண்டாவது கடைக்காரர் இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை. கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. அவருக்கு நிற்கப்போகும் செலவு எதுவும் இல்லை. 23,000 டாலரும் புதுச் செலவு.

அந்தச் செலவை எங்கிருந்து எடுப்பார்? மளிகையில் செலவு போக நிற்கும் லாபம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்பது இங்கே மட்டுமல்ல, அங்கேயும் அப்படித்தான். நூற்றுக்கு இரண்டு லாபத்தில் 23,000 டாலரை எடுக்க வேண்டுமானால், கூடுதலாக 11,50,000 டாலருக்கு விற்றாக வேண்டும். ஒரு சிறு கடைக்கு இது நடக்கிற காரியமா?

ஆகவே ஒரே வரி, ஒரே விகிதம், பக்கத்துப் பக்கத்துக் கடை. ஒருவருக்கு அது சலுகை. மற்றவருக்கு அது பூட்டு. திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தங்கள் தங்கள் கணக்கில் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கவில்லை.

பொருளாதாரம் படித்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள். சம்பளத்தின் மீது போடும் வரியை நாளடைவில் முதலாளி கட்டுவதில்லை; சம்பள உயர்வைக் குறைத்துக்கொண்டு தொழிலாளியின் தலையிலேயே அது இறங்கிவிடும் என்பார்கள். நாளடைவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் வரி கட்டும் தேதி நாளடைவில் வருவதில்லை. முதல் மாதமே வந்துவிடும். அன்றைக்குக் கல்லாவில் பணம் இருக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு இதில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. கடை முதலாளியும் ஒரு மனிதர்தான். அவருக்கும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அமெரிக்காவில் சிறு தொழில் நடத்துகிறவர் தனக்கும் தன் மனைவி மக்களுக்கும் தனியாக இன்சூரன்ஸ் வாங்குவது பெரிய பாரம். புதிய திட்டத்தில் அவரும் சேர்ந்திருப்பார். இன்சூரன்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கணக்குப்பிள்ளை பெரிய கம்பெனிக்கு ஓடிப்போவதும் நின்றிருக்கும். இந்த வரவையும் எழுதினால்தான் கணக்கு நியாயமான கணக்கு.

ஆற்றுக்கு அக்கரையில்

வெர்மாண்டின் கிழக்கு எல்லை கனெக்டிகட் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அங்கே பொது விற்பனை வரி கிடையாது. சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. வெர்மாண்டில் சாப்பாட்டு மளிகைக்கு விற்பனை வரி இல்லை என்றாலும், பெரும்பாலான மற்றப் பொருள்களுக்கு 6 சதவீதம் உண்டு. பாலம் தாண்டிப் போய்ச் சாமான் வாங்கி வருவது அங்குள்ளவர்களுக்குப் பழக்கமான சங்கதி.

இந்த நிலையில் இக்கரைக் கடைக்காரருக்கு மட்டும் சம்பளத்தில் 11.5 சதவீதம் வரி ஏறினால், அந்தச் செலவை விலையில் ஏற்ற முடியுமா? ஏற்றினால் வாடிக்கையாளர் பாலத்தைத் தாண்டிவிடுவார். நம் மாநில எல்லை ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு நாடு முழுவதும் ஒரே வரி என்றால் எல்லோரும் சேர்ந்து விலையை ஏற்றலாம். ஒரு சிறிய மாநிலம் தனியாக வரி போட்டால் எல்லையில் இருக்கிறவர் தனியாக அடி வாங்குவார்.

இதனால் சிறு கடைகளுக்கு மட்டும் சலுகை கொடுக்கலாமே என்று கேட்கலாம். வெர்மாண்ட் அரசும் அதை யோசித்தது. சிறு தொழில்களுக்கு வரியைப் படிப்படியாக ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கே குறைந்தது 50 கோடி டாலர் தேவைப்பட்டது. சிறியவருக்குக் குறைக்கிற பணத்தை வேறு யாரோ கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த வேறு யாரோ கிடைக்கவில்லை. கவர்னர் திட்டத்தை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. சிறு வியாபாரியைக் காப்பாற்றாமல் திட்டத்தைத் தொடங்க முடியவில்லை. காப்பாற்றிவிட்டு நடத்தப் பணம் இல்லை.

மற்ற மாநிலங்களும் மத்தியக் கணக்கும்

வெர்மாண்டுக்குப் பிறகு கொலராடோ மாநிலம் இதே கேள்வியை நேரடியாக மக்களிடம் வைத்தது. சம்பளத்தில் 10 சதவீதம் வரி. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதலாளி, ஒரு பங்கு தொழிலாளி. ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் வசூல். 2016 நவம்பரில் நடந்த ஓட்டெடுப்பில் நூற்றுக்கு 79 பேர் வேண்டாம் என்றார்கள்.

கலிபோர்னியாவில் 2017-ஆம் ஆண்டு மேல்சபையில் ஒரு மசோதா நிறைவேறியது. சபையின் நிதிக்குழு போட்ட கணக்கில் ஆண்டுக்கு 40,000 கோடி டாலர் செலவு. அதில் பாதியை ஏற்கெனவே செலவழித்துவரும் அரசுப் பணத்திலிருந்து எடுக்கலாம். மீதிப் பாதிக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வரி போட்டால் சரியாக இருக்கும் என்று குழு சொன்னது. மசோதாவில் அந்த வரி எழுதப்படவில்லை. பணத்துக்கு வழி சொல்லாத மசோதா என்று கீழ்சபைத் தலைவர் அதை அப்படியே நிறுத்தி வைத்தார்.

நாடு முழுவதற்குமான கணக்கும் உண்டு. செனட்டர் திரு. பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த திட்டத்தால் மத்திய அரசுக்குப் பத்து ஆண்டுகளில் 32.6 லட்சம் கோடி டாலர் கூடுதல் செலவு ஆகும் என்று 2018-இல் மெர்க்கேட்டஸ் என்ற ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு சொன்னது. தனிநபர், கம்பெனி வருமான வரிகள் இரண்டையும் இரட்டிப்பாக்கினாலும் இது போதாது என்றும் சொன்னது. எதிர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் குறைந்த விலையே கொடுப்பது என்ற திட்டத்தின் நிபந்தனை அப்படியே நிறைவேறினால், நாட்டின் மொத்த வைத்தியச் செலவு அந்தப் பத்து ஆண்டுகளில் சுமார் 2 லட்சம் கோடி டாலர் குறையும். ஆதரிப்பவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஐந்தொகையின் இரண்டு பக்கங்களை ஆளுக்கு ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போனதுபோல.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? பணம் பை மாறுகிறது, அவ்வளவுதான். முன்பு பிரீமியம் என்ற பெயரில் தனியாருக்குப் போனது இனி வரி என்ற பெயரில் அரசுக்குப் போகும். வரி மலைபோல் ஏறும், பிரீமியம் மறைந்துபோகும். நாட்டுக்குக் கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நாடு என்பது ஒரே கடை அல்ல. நேற்றுவரை பிரீமியம் கட்டாதவருக்கு மறையப்போவது எதுவும் இல்லை. ஏறப்போவது மட்டும்தான் உண்டு.

நடத்திக் காட்டியவர்கள்

இது நடக்கவே நடக்காத திட்டம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பணத்தை எப்படி வசூலித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

கனடாவில் சஸ்காச்சுவான் என்ற கோதுமை விளையும் மாகாணம் 1962 ஜூலை 1-ஆம் தேதி இதைத் தொடங்கியது. டாக்டர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு சமாதானம் ஆயிற்று. அங்கே முழுச் சுமையையும் சம்பளத்தின் மேல் ஏற்றவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 24 டாலர் சந்தா வைத்தார்கள். விற்பனை வரியை 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கினார்கள். வருமான வரியையும் கொஞ்சம் ஏற்றினார்கள். ஒரே தூணில் கூரையை நிறுத்தவில்லை. இன்னொன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டுமான காப்பீட்டை 1947-லேயே தொடங்கி, பதினைந்து ஆண்டு நடத்திப் பழகிய பிறகுதான் டாக்டர் செலவையும் சேர்த்தார்கள். பிறகு மத்திய அரசும் பங்கு கொடுக்க முன்வந்து, 1970-களின் தொடக்கத்துக்குள் கனடா முழுவதும் பரவியது.

நம் தமிழர்கள் நிறையக் கடை வைத்திருக்கும் டொராண்டோ நகரம் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே 1990-இல் தனிப் பிரீமியத்தை எடுத்துவிட்டு, முதலாளிகள் மீது சம்பள வரி போட்டார்கள். அதன் உச்ச விகிதம் 1.95 சதவீதம்தான். அதிலும் தனியார் தொழில் நடத்தும் சிறு முதலாளிகளுக்கு, 2020 முதல் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 10 லட்சம் டாலருக்கு வரியே இல்லை. ஆகவே நாலு பேர், பத்துப் பேர் வைத்து நடத்தும் மளிகைக் கடைக்கு இந்த வரி வாசலுக்கே வராது. மீதிப் பணம் வருமான வரியிலும் விற்பனை வரியிலும் வருகிறது. கடைக்காரர் அந்த வழியில் கட்டத்தான் செய்கிறார். ஆனால் லாபம் வந்தால் கட்டுகிறார், விற்றால் வசூலித்துக் கட்டுகிறார். விற்காத மாதத்திலும் சம்பளம் கொடுத்த குற்றத்துக்காகக் கட்டுவதில்லை. குறையும் உண்டு. வெளியில் வாங்கும் மருந்துக்கும் பல் வைத்தியத்துக்கும் பெரும்பாலோர் தனி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது.

தைவான் 1995 மார்ச் மாதத்தில் தொடங்கியது. அங்கே முறை வேறு. சம்பளத்தில் சந்தா, தொடக்கத்தில் 4.25 சதவீதம், 2021 முதல் 5.17 சதவீதம். ஒரு தொழிலாளிக்குரிய சந்தாவில் முதலாளி 60 பங்கு, தொழிலாளி 30 பங்கு, அரசு 10 பங்கு. கடை முதலாளி தனக்குரியதை முழுவதும் தானே கட்ட வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கான சராசரிக் கணக்கையும் சேர்த்தால் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 5 சதவீதத்தை நெருங்கும். வெர்மாண்ட் கேட்ட 11.5-இல் பாதிக்கும் குறைவு.

ஏன் அங்கே குறைவு? வைத்தியத்தின் விலையே அங்கே குறைவு என்பதுதான் முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம் வைத்தியத்துக்குப் போயிற்று. கொள்முதல் விலையே அவ்வளவு இருக்கும்போது எந்தக் கல்லாவிலிருந்து கொடுத்தாலும் பில் பெரிதாகத்தான் வரும். பணம் கொடுக்கும் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. வாங்கும் விலையையும் பேசிக் குறைக்க வேண்டும். விலை குறைந்தால் டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருமானம் குறையும். அதற்கு அவர்கள் எளிதில் சம்மதிப்பார்களா?

நம் கையில் உள்ள அளவுகோல்

இதை நம் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு அது பொருந்தும். 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறோம். இது ஒரே கல்லா முறை அல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டுமான காப்பீடு. ஆனாலும் சம்பளத்தின் மேல் விழும் வசூல் கடைக்கு எப்படி இருக்கும் என்பது இதைக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். 3.25 சதவீதத்தையே மாதாமாதம் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். அதைப்போல மூன்றரை மடங்கு கட்ட வேண்டும் என்றால் வெர்மாண்ட் கடைக்காரர் ஏன் பதறினார் என்பது விளங்கும்.

பத்துப் பேருக்குக் கீழே உள்ள கடைகளில் என்ன நடக்கிறது? வேலை செய்யும் பையனுக்கு விபத்து, அவன் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் முதலாளியின் கல்லாவிலிருந்துதான் முன்பணம் போகிறது. அதில் பாதி திரும்பி வராது என்று தெரிந்தேதான் கொடுக்கிறோம். அதற்கு ரசீதும் இல்லை, விகிதமும் இல்லை. முதலாளிக்கே நோய் வந்தால் கடையின் முதலே கரைந்து போகிறது. ஆஸ்பத்திரிச் செலவால் சரக்கில்லாமல் போன கடைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இதுவும் ஒரு வரிதான். அரசு போடாத வரி. யார் மேல் எப்போது விழும் என்று தெரியாத வரி. ஆகவே புதிய வரி என்றதும் வேண்டாம் என்று சொல்வதும் கணக்கைப் பாதியில் மூடுவதாகும்.

வியாபாரி கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த நாட்டில், எந்த அரசு இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தாலும் வியாபாரிகள் சங்கம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

முதல் கேள்வி: எதன் மேல் வசூல்? சம்பளத்தின் மேலா, விற்பனையின் மேலா, லாபத்தின் மேலா? சம்பளத்தின் மேல் என்றால் ஆள் வைத்து வியாபாரம் செய்கிறவர் தலையில் விழும். விற்பனையின் மேல் என்றால் வாங்குகிறவர் தலையில் விழும். லாபத்தின் மேல் என்றால் சம்பாதித்தவர் தலையில் விழும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட இடங்களில் திட்டம் நின்றிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: இந்த வரி வந்தால் எந்தச் செலவு நிற்கும்? அது யாருடைய செலவு? நிற்கும் செலவு இல்லாத சிறு கடைக்கு என்ன விலக்கு? அந்த விலக்குக்கான பணம் எங்கிருந்து வரும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத விலக்கு, தேர்தல் முடிந்ததும் காணாமல் போகும்.

மூன்றாவது கேள்வி: விலைப்பட்டியல் எப்போது வரும்? சட்டத்தோடு சேர்ந்து வர வேண்டும். வெர்மாண்ட் திட்டத்தை எதிரிகள் தோற்கடிக்கவில்லை. பயனை 2011-இல் சொல்லிவிட்டு விலையை 2014-இல் சொன்னதுதான் அதைத் தோற்கடித்தது. இடையில் இருந்த காலத்தில் முதல் கடைக்காரரையும் இரண்டாவது கடைக்காரரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். வரியை ஒரே தூணில் நிறுத்தாமல் பிரித்திருக்கலாம். சஸ்காச்சுவான் போல ஆஸ்பத்திரிச் செலவில் தொடங்கி நடந்து பழகியிருக்கலாம். விலை தெரியாத சரக்குக்கு எப்படிப் பேரம் பேசுவது?

ஊருக்கெல்லாம் வைத்தியம் கிடைப்பது நல்ல காரியம். அதற்குப் பணம் வேண்டும் என்பதும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு வியாபாரியிடமிருந்து வர வேண்டும் என்பதும் நியாயம். எந்தப் பங்கு, எந்த வழியில், எந்தத் தேதியில் என்பதை முன்கூட்டியே எழுதி நம் கையில் கொடுத்தால், தாங்க முடியுமா முடியாதா என்று நாம் சொல்லலாம். அடுத்த முறை எந்தக் கட்சியானாலும் வைத்தியத் திட்டத்தோடு நம் சங்கத்துக்கு ஆதரவு கேட்டு வரும்போது, நோட்டீசின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கை தட்டாமல், வரி விகிதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்போம். அந்தப் பக்கமே இல்லை என்றால், அதை எழுதிக்கொண்டு வரச் சொல்லி மரியாதையாகத் திருப்பி அனுப்புவோம்.